அடியிறக்கமும் அளவைக்கோடும்
(உரைவடிவம்)



நாணத்தின் பொருட்டு வாய்திறவாது மறைக்கப்படும் நோய்கள் சில உள. அவற்றுள் ஒன்று அடியிறக்கம். அடிதள்ளல் என்றும் ஊர்ப்புறத்தார் இதனைச் சொல்வர். கருப்பை இறக்கம் என்பது நகர்ப்புற வழக்கு. மருத்துவ நூலார் இதற்கு இடுப்புக்கூட்டு உறுப்பிறக்கம் எனப் பொதுப்படப் பெயரிட்டமைக்குக் கரணியம், இறங்குவது கருப்பை மட்டும் அன்று என்பதே. முன்னே சிறுநீர்ப்பை, நடுவே கருப்பை, பின்னே மலக்குடல் ஆகிய மூன்றனுள் ஒன்றோ பலவோ பிறப்புவழியின் சுவரைத் தள்ளிக்கொண்டு கீழே வரும். சிலர்க்குச் சிறுகுடல் மடிப்பும் இடைபுகுந்து இறங்கும். ஆகலின் 'அடி' என்னும் பழஞ்சொல்லே பொருத்தமுடைத்து. இறங்குவது எதுவாயினும் அச்சொல் அதனைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும்.

இடுப்புக்கூடு எலும்பால் இயன்ற ஒரு வளையம். எலும்பாலாய அடி அதற்கு இல்லை. அடியாய் நின்று உள்ளுறுப்புகளைத் தாங்குவது தசை. முன்புறத்தே இரண்டு இடுப்பெலும்புகளும் வந்து கூடும் பூப்பென்பினின்று புறப்பட்டு, மலக்குடலைப் பின்புறமாக வளைத்து, மறுபுறத்துப் பூப்பென்பிலேயே சென்று பற்றும் அத்தசை தூளி போன்றது. அதன் நடுவே ஒரு வாய் உண்டு. மகவு வெளிப்படுவது அவ்வாயின் வழியே. தலை கடக்கும் பொழுதில் தசை தன் இயல்பு நீளத்தைப் பன்மடங்கு கடந்து நீள்கின்றது. சிலர்க்கு எலும்பினின்று பிய்ந்தும் போகின்றது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவர் சான் தெலான்சியும் அவர் குழுவினரும் 2003-ஆம் ஆண்டில் இதனைப் படம்பிடித்துக் காட்டினர். மகப்பேறு காணாத 80 பெண்டிருள் ஒருவர்க்கும் அத்தசையில் குறை தோன்றவில்லை. முதல் மகப்பேறு கண்ட 160 பேருள் 32 பேர்க்குத் தோன்றிற்று. அந்த 160 பேருள் ஒரு பாதியினர் சிறுநீர்க் கசிவு உடையோராகவே தெரிந்தெடுக்கப்பட்டவர். ஆகலின் இந்த 20 விழுக்காட்டினை எல்லாத் தாயர்க்கும் பொதுவாக்குதல் பிழையாகும். ஆயினும், மகப்பேற்றுக்கும் தசைக் குறைக்கும் உள்ள தொடர்பு அப்படங்களால் கண்கூடாயிற்று.

இந்நோயினர் சொல்லும் குறைகள் ஒரு வகையானவை. காலையில் எழுங்கால் ஒன்றும் இல்லை. நின்றும் நடந்தும் சுமந்தும் பொழுது சாயச் சாய, அடியில் ஏதோ வந்து முட்டுவது போல்வதோர் உணர்வு. மாலையில் அது கைக்கும் தட்டுப்படும். படுத்தால் உள்ளே போய்விடும். 'படுத்தால் போய்விடுகின்றது' என்னும் இந்தச் சொல்லை அவையோர் உள்ளத்தில் இருத்துக. அளவைப் பிழைகளுள் பெரியதொன்று இதனடியாகவே பிறக்கின்றது.

நோய் எத்துணை இறங்கியுள்ளது என்பதை அறியாமல் பண்டுவம் செய்தல் இயலாது. தசைப் பயிற்சியே போதுமா, உள்ளே வளையம் இட்டுத் தாங்கலாமா, அறுவை வேண்டுமா, அறுவையெனின் முன்சுவரையா, பின்சுவரையா, உச்சியையா என்பனவெல்லாம் அளவைப் பொறுத்தே அமைகின்றன. முன்னாளில் மருத்துவர் தத்தம் கண்மதிப்பால் 'சிறிது, நடுத்தரம், பெரிது' என்று எழுதி வந்தனர். ஒருவர்க்குச் சிறிதாய் இருந்தது மற்றொருவர்க்கு நடுத்தரமாயிற்று. பேடன், வாக்கர் என்னும் இருவர் 1972-இல் அதற்கு ஒரு படிமுறை வகுத்தனர். இரிச்சர்டு பம்ப்பு என்பவரும் பிறரும் சேர்ந்து 1996-இல் வெளியிட்ட முறை அதனினும் திட்டமானது. அதனை மூன்று மருத்துவக் கழகங்கள் ஏற்றன. அம்முறையில் அளவுகள் ஒன்பது. எல்லாம் செ.மீ. கணக்கு. அளவுக்குத் தொடக்கமாகிய சுழியம், பிறப்புவழியின் வாயிலில் உள்ள சவ்வின் எச்சம். அதற்கு மேல் நிற்பது கழித்தற்குறி பெறும். அதனைக் கடந்து வெளிவந்தது கூட்டற்குறி பெறும். பிறப்புவழியின் முழுநீளம் ஒழிய, மற்றையவெல்லாம் நோயாளி தன்னால் இயன்ற மட்டும் முக்கிய நிலையில் எடுக்கப்படுவன.

இதில் ஒரு நயம் உண்டு. முட்டுகின்றது, தட்டுப்படுகின்றது என்று பெண்டிர் பெரும்பாலும் உணரத் தொடங்குவது, இறங்கிய உறுப்பு அவ்வாயிற்சவ்வினை அண்மும்போதுதான். எனவே நோயாளியின் உணர்வும் மருத்துவரின் சுழியமும் ஓரிடத்தே சந்திக்கின்றன. அளவைக்கோலை எங்கே நாட்டுவது என்னும் வினாவுக்கு இதனினும் இயற்கையான விடை கிடைத்தல் அரிது.

அங்ஙனமாயின் எம்.ஆர்.ஐ. என வழங்கும் காந்த ஒத்திசைவுப் படம் எற்றுக்கு? கையாலும் கண்ணாலும் காண்பவர் சுவரைத்தான் காண்கின்றனர்; சுவருக்குப் பின்னால் நிற்பது யாது என்பதைக் காண்பதில்லை. பின்சுவர் பிதுங்கியிருப்பின், தள்ளுவது மலக்குடலா சிறுகுடலா என்பது வெளியினின்று எப்போதும் தெளிவாவதில்லை. தசை பிய்ந்திருப்பதும் முழுமையாய்த் தெரிவதில்லை. காந்தப் படமோ எலும்பு, தசை, நீர்ப்பை, குடல் ஆகிய எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டும். ஊடுகதிரின் தீங்கும் அதற்கு இல்லை. முதலில் அசையாப் பொருளையே அது காட்ட வல்லதாயிருந்தது. 1991-இல் அமெரிக்காவின் சான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்தார் விரைவுப் படங்களை அடுத்தடுத்து எடுத்துத் திரைப்படம்போல் ஓட்டி, முக்கும்போது உறுப்புகள் இறங்குவதைக் காட்டினர். அன்று தொடங்கியது இக்கலை.

தொடங்கிய அன்றே தொல்லையும் தொடங்கிற்று. கை ஆய்வின் சுழியமாகிய வாயிற்சவ்வு காந்தப் படத்தில் தெரிவதில்லை. சுழியம் தெரியாத இடத்தில் அளப்பது எங்ஙனம்? எனவே எலும்பைப் பற்றினர். பூப்பென்பின் கீழ்விளிம்பிலிருந்து வாலெலும்பின் கடைசி மூட்டுவரை ஒரு நேர்க்கோடு இழுத்தனர். ஒவ்வோர் உறுப்பின் தாழ்ந்த முனையிலிருந்தும் அக்கோட்டுக்குச் செங்குத்தாக அளந்து, 'கோட்டுக்குக் கீழே இத்தனை செ.மீ.' என்று எழுதினர். ஈண்டு இதனைப் பூப்புவால்கோடு எனக் குறிப்பது எளிது. உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுவது இக்கோடே. ஐரோப்பியக் கதிர்ப்படக் கழகங்கள் இரண்டு கூடி வெளியிட்ட பரிந்துரையும் இதனையே கொள்கின்றது.

கொத்தனார் சுவர் எழுப்பும்போது இருமுனையிலும் ஆணி அடித்து நூல் கட்டுவார். கல்வரிசை நேரா கோணலா என்பதைச் சொல்வது அந்நூல். ஓராணி தளர்ந்து ஆடுமாயின் சுவர் என்னாகும்? நூலும் நேராகத்தான் இருக்கும். சுவரும் நூலுக்கு ஒட்டியே இருக்கும். வீடு மட்டும் கோணியிருக்கும். பூப்புவால்கோட்டின் முன்னாணி உறுதியானது. பின்னாணியாகிய வாலெலும்போ அசையும் எலும்பு. தசையைச் சுருக்கினால் முன்னே வரும். முக்கினால் பின்னே போகும். அதன் கண்ணிகளின் எண்ணும் வளைவும்கூட எல்லார்க்கும் ஒன்றல்ல. முக்கும்போது அளக்க வேண்டிய கோடு, முக்கும்போதே இடம்பெயர்கின்றது என்றால் அதன் விளைவை எண்ணிப் பார்க்க.

கணக்கு எளிதே. கோட்டின் நீளம் 10 செ.மீ. என்று கொள்க. பின்முனை 1 செ.மீ. கீழ்நோக்கிப் பெயர்ந்தது என்க. முன்முனையிலிருந்து 6 செ.மீ. தொலைவில் கருப்பைவாய் உளதாயின், அவ்விடத்தே கோடு 6 மி.மீ. தாழ்ந்துவிடும். உண்மையில் 32 மி.மீ. இறங்கிய உறுப்பு 26 மி.மீ. இறங்கியதாகப் படத்தில் எழுதப்படும். பூப்புவால்கோட்டுக்குக் கீழே 3 செ.மீ. வரை சிறிது, 3 முதல் 6 வரை நடுத்தரம், 6-க்கு மேல் பெரிது என்பது பரவலாக வழங்கும் வகுப்பு. அதன்படி நடுத்தர நோய் ஒரு மூட்டின் அசைவால் சிறிதாகிவிட்டது! நோயாளியின் உடலில் ஒன்றும் குறையவில்லை, குறைந்தது தாளில்.

இவ்விடத்தில் இரண்டு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒரே படத்தை இருவர் அளந்து ஒரே எண்ணைப் பெறுவது ஒருசீர்மை. அந்த எண் உடலின் உண்மையோடு பொருந்துவது மெய்ம்மை. உள்ளடியை உயர்த்தி வைத்த படியால் கூலவணிகர் ஒருவர் நாள்தோறும் அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவுதான் விழும், ஒருசீர்மைக்குக் குறைவில்லை. வாங்குவோர்க்கு நெல்தான் குறையும். இரு மருத்துவரின் அளவும் ஒத்திருந்தன என்பது கொண்டு அளவு உண்மையானது என முடிவு செய்வது இத்தகைய படியை நம்புவது போன்றது. ஒருசீர்மையிலும்கூட எல்லா உறுப்பும் ஒன்றல்ல. சிறுநீர்ப்பையின் விளிம்பு படத்தில் பளிச்செனத் தெரிவதால் அளப்போர் பெரும்பாலும் ஒத்துப்போகின்றனர். கை ஆய்வோடும் முன்புறத்து அளவு ஓரளவு இயைந்து வருகின்றது. பின்புறத்தே அவ்வியைபு குன்றிவிடுகின்றது. கருப்பை எடுக்கப்பட்டவர்க்குப் பிறப்புவழியின் உச்சி எது என்று கண்டுபிடிப்பதே அரும்பாடு.

அளவின் திசையிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. செங்குத்துத் தொலைவு என்பது கோட்டை விட்டு விலகும் அளவையே சொல்லும். கோட்டுக்கு இணையாக நகர்ந்ததைச் சொல்லாது. இடுப்பின் எலும்புக்கோடுகள் நிற்கும் உடலில் கிடைமட்டமாக இருப்பதில்லை, சாய்ந்து நிற்கின்றன. தெலான்சி குழுவினரும் சுவிட்சர்லாந்து மருத்துவர் பெட்சார்ட்டும் 2013-இல் இதனை எடுத்துக்காட்டினர். வாலெலும்பின் கடைமூட்டை விட்டு, திருவெலும்பும் வாலெலும்பும் கூடும் மூட்டை அவர்கள் பின்முனையாகக் கொண்டனர். அது கடைமூட்டைப் போல் ஆடுவதன்று. அம்முனையிலிருந்து பூப்பென்பின் கீழ்விளிம்புக்கு இழுத்த கோடு, நிற்கும் பெண்ணிடத்துக் கிடைமட்டத்தோடு சராசரியாக 34 பாகை சாய்ந்துள்ளது. எனவே 34 பாகை திருப்பி ஒரு புதுக்கோடு வரைந்தால் அது நிற்கும் உடலின் கிடைமட்டமாகும்; அதற்குச் செங்குத்தானது உறுப்புகள் உண்மையில் விழும் திசையாகும். கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதற்கு ஒப்பானது இது.

இத்திருத்தத்தால் வரும் வேறுபாடு சிறிதன்று. உடலின் நெடுக்குத் திசையில் ஓர் உறுப்பு 5 செ.மீ. விழுந்ததெனின், 34 பாகை சாய்ந்த கோட்டுக்குச் செங்குத்தாக அளப்பவர்க்கு அது 4 செ.மீ.க்குச் சற்றே மிகுதியாகத்தான் தோன்றும். எஞ்சியது இணைத்திசையில் ஒளிந்துகொள்கின்றது. இத்திருத்தமும் முழுமையானது என்பதற்கில்லை. 34 என்பது பலரின் சராசரி. முதுகின் வளைவும் இடுப்பின் சாய்வும் ஒருவரைப்போல் ஒருவர்க்கு இல்லை. ஆயினும் அசையும் ஆணியை விட்டு அசையா ஆணியைப் பற்றியது நன்று.

கோடுகள் இத்துடன் நின்றனவா எனின், இல்லை. பூப்பென்பின் நெடுக்கச்சிலேயே கீழ்நோக்கி நீட்டிய கோட்டை 2001-இல் ஒரு குழுவினர் முன்வைத்தனர். அது வாயிற்சவ்வின் இருப்பிடத்தை நெருங்கும் என்பது அவர் கருத்து. பூப்பென்பிலிருந்து மலக்குடலின் பின்வளைவுக்கு இழுக்கும் மற்றொரு கோட்டை 1999-இல் வேறொரு குழுவினர் வைத்தனர். அக்கோட்டைக் கடந்து 2 செ.மீ. வரை சிறிது, 4 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரிது என்பது அவர் வகுப்பு. ஆக, 'பெரிய இறக்கம்' என்னும் ஒரு சொல் ஓரிடத்தில் 4-க்கு மேலும், மற்றோரிடத்தில் 6-க்கு மேலும் நிற்கின்றது; அளக்கத் தொடங்கும் கோடும் வேறு. கோட்டின் பெயர் எழுதாத அறிக்கையில் 'நடுத்தர இறக்கம்' என்று இருப்பதற்கு, ஊர்ப்பெயர் எழுதாமல் 'ஐந்து கல் தொலைவு' என்று நட்ட வழிகாட்டிக் கல்லுக்கு உள்ள பயனே உண்டு.

இனி, முன்னர் உள்ளத்தில் இருத்துமாறு சொன்ன அச்சொல்லுக்கு வருக. 'படுத்தால் போய்விடுகின்றது.' காந்தப் பொறியோ பெரும்பாலும் குழல் வடிவினது. உள்ளே மல்லாந்து படுத்தல் வேண்டும். எந்நிலையில் நோய் ஒளிந்துகொள்கின்றதோ அந்நிலையிலேயே அதனைத் தேடுகின்றனர்! புவியின் ஈர்ப்பு உறுப்புகளை வாயில் நோக்கி இழுப்பதற்கு மாறாக முதுகு நோக்கி இழுக்கும் நிலை அது. இவ்விழப்பை ஈடுசெய்யும் பொருட்டே முக்கச் சொல்கின்றனர்.

முக்குவது எளிதன்று. அறிமுகமில்லாக் குழலுக்குள், பொறியின் பேரிரைச்சலுக்கிடையே, காதில் மாட்டிய கருவி வழியாக வரும் ஏவலுக்கு ஏற்ப, பிறர் பார்க்கின்றனர் என்னும் நாணத்தோடு ஒரு பெண் முக்க வேண்டியவளாகின்றாள். நீர் வெளிப்பட்டுவிடுமோ, மலம் வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சம் அவளைத் தடுக்கும். அச்சத்தில் பலர் முக்குவதற்கு மாறாகத் தசையைச் சுருக்கிவிடுவர். அடி இறங்குவதற்கு மாறாக ஏறும். படத்தில் இறக்கம் இல்லை என்று வரும். ஓர் ஆய்வில் முதன்முறை முக்கியபோது எடுத்த படத்தையும் மூன்றாம் முறை முக்கியபோது எடுத்த படத்தையும் ஒப்பிட்டனர். மூன்றாம் முறையில் இறக்கம் மிகுந்திருந்தது. சிலர்க்கு அம்மிகுதி 2 செ.மீ.யையும் கடந்தது. ஒருமுறை முக்கச் சொல்லிப் படத்தை முடித்துக்கொண்டவர், மூன்றாம் முறையில் வெளிப்பட்டிருக்கக்கூடிய நோயைக் காணாமலே அனுப்பிவிடுகின்றார் என்பது இதன் பொருள்.

தாய்மொழியின் இன்றியமையாமை இங்குத் தெரிகின்றது. முக்குதல் என்பது தமிழ்ப் பெண்டிர் ஒவ்வொருவரும் உடலால் அறிந்த சொல். பிள்ளைப் பேற்றின்போது மருத்துவச்சி சொன்ன சொல்லும் அதுவே. அதனை விடுத்து, அயன்மொழியில் ஓர் ஏவலைச் சொன்னாலோ, 'அழுத்தம் கொடுங்கள்' என்று மொட்டையாகச் சொன்னாலோ, கேட்பவள் எதனை அழுத்துவாள்? கையையா, வயிற்றையா? மூச்சை இழுத்து அடக்கி, மலங்கழிக்கும்போது போல் முக்க வேண்டும். நிறுத்தச் சொல்லும்வரை விடாது முக்க வேண்டும். ஏதேனும் வெளிப்பட்டாலும் கவலையில்லை, விரிப்பு இட்டிருக்கின்றது. இவ்வளவையும் குழலுக்குள் போகுமுன்னரே, அவள் மொழியில், இயன்றால் ஒரு பெண் பணியாளர் வாயிலாகச் சொல்லி, ஒருமுறை பழக்கிப் பார்த்தல் வேண்டும். பொறியின் விலை பல கோடி. அப்பொறி தரும் எண்ணை மெய்யாக்குவதில் இந்த நான்கு தொடர்களுக்கும் பங்குண்டு. ஐரோப்பியப் பரிந்துரையும் நோயாளிக்கு முன்கூட்டியே பழக்கம் தருவதை வலியுறுத்துகின்றது.

முக்குவதினும் மிகுதியாக இறக்கத்தை வெளிப்படுத்துவது, மலங்கழிக்கும் செயலே. ஆகலின் மலக்குடலில் வழுவழுப்பான கூழை நிரப்பி, அதனை வெளியேற்றச் சொல்லி அப்பொழுதில் படம் எடுக்கின்றனர். வெளியேற்றும்போது தசை முற்றும் தளர்வதால் மறைந்திருந்தவை இறங்கும். இதனைச் செய்யாமல் முக்கும் படத்தோடு நிறுத்தியோர் பின்புறத்து நோயைக் குறைத்து மதிப்பிடல் நேரும்.

நீர்ப்பையின் நிறைவும் கணக்கில் வரும். இடுப்புக்கூட்டின் வாய் ஒன்று. இறங்க வேண்டுவோர் மூவர். பேருந்தின் வாயிலில் ஒருவர் முதலில் புகுந்து அடைத்துக்கொண்டால் பின்னால் உள்ளார் தெரியமாட்டார். நிறைந்த நீர்ப்பை இறங்கி வாயை அடைத்துக்கொள்ளுமாயின் கருப்பையும் குடலும் இறங்க இடமின்றி மேலேயே நிற்கும். படத்தில் அவை நலமாய் இருப்பதாகத் தோன்றும். நீர்ப்பைக்கு மட்டும் அறுவை செய்து தூக்கிக் கட்டிய பின்னர், அடைப்பு நீங்கிய வாயின் வழியே மற்றொன்று இறங்கும். நோயாளியோ 'அறுவை செய்தும் மறுபடி வந்துவிட்டது' என்று நொந்துகொள்வாள். அது மறுபடி வந்ததன்று. முன்னரே இருந்து, அளவையில் தப்பியது.

படத்தின் நுண்மை பற்றி மிகுதியாய்ச் சொல்ல வேண்டுவதில்லை. ஒரு படப்புள்ளி ஏறத்தாழ ஒன்றிரண்டு மி.மீ.; ஒரு படலத்தின் தடிமன் சில மி.மீ.; ஒரு சட்டம் எடுக்க ஒரு நொடி அளவு. படலம் உடலின் நட்டநடுவே அமையாமல் ஒருபக்கம் விலகினால் உறுப்பின் தாழ்ந்த முனை அதில் அகப்படாது. இவை பிழைகளே எனினும், நிலையாலும் முக்கலாலும் கோட்டாலும் வருவனவற்றை நோக்கச் சிறியன. மி.மீ. கணக்கில் பொறி காட்டும் நுண்மையைக் கண்டு மயங்கி, செ.மீ. கணக்கில் நேரும் பிழையை மறப்பவர் உளர், '37.4 மி.மீ.' என்று அறிக்கையில் எழுதுவோர் அத்தகையோர். அந்தப் புள்ளிக்குப் பின் நிற்கும் நான்கு வெறும் அணி.

மறுபுறத்துப் பிழையும் ஒன்று உண்டு. அதனையும் சொல்லாதொழிதல் முறையன்று. குறைத்து அளப்பதால் நோயாளி நம்பப்படாமல் போகின்றாள் என்பது ஒன்று. மிகுத்துப் படிப்பதால் நோயில்லாதவள் அறுவைமேடைக்குப் போகின்றாள் என்பது மற்றொன்று. பூப்புவால்கோடு வாயிற்சவ்வினும் மேலே உள்ளது. ஆகலின் கோட்டுக்குக் கீழே 2 செ.மீ. என்பது வெளியே 2 செ.மீ. என்பதன்று, உள்ளேயே இருக்கலாம், அப்பெண் ஒன்றும் உணராமலும் இருக்கலாம். மலக்குடலின் முன்சுவர் சிறிது பிதுங்குவது குறையொன்றும் இல்லாப் பெண்டிரிடத்தும் காணப்படுவதே, 2 செ.மீ.யைக் கடந்தாலன்றி அதனைப் பொருட்படுத்துவதில்லை என்பது பொதுவழக்கு. படத்தில் தோன்றிய ஒவ்வொன்றும் நோய் அன்று. படத்துக்குப் பண்டுவம் செய்யாமல் பெண்ணுக்குப் பண்டுவம் செய்வதே மருத்துவம்.

எனவே, படத்தின் அறிக்கை கைக்கு வந்தபின் கேட்க வேண்டுவன சில உள. இவற்றைக் கேட்பதில் நாணத்துக்கு இடமில்லை. எந்தக் கோட்டிலிருந்து அளந்தது? படுத்தா, அமர்ந்தா? எத்தனை முறை முக்கிய பின்னர்? கூழ் நிரப்பி வெளியேற்றச் செய்ததா? நீர்ப்பை நிறைந்திருந்ததா? 'நடுத்தரம்' என்றால் எத்தனை செ.மீ.? இவற்றுக்கு அறிக்கையில் விடை இருப்பின் அதனை மற்றொரு மருத்துவரும் படித்துப் பொருள்கொள்ளலாம்; அறுவைக்குப் பின் எடுக்கும் படத்தோடும் ஒப்பிடலாம். கை ஆய்வில் கண்டதும் படத்தில் கண்டதும் முரணுமாயின், படமே முடிந்த முடிபு எனக் கொள்ளாமல், மாலை வேளையில், சற்று நடந்த பின்னர், நிற்கவைத்து மீளவும் கையால் ஆய்ந்து பார்க்குமாறு மருத்துவரைக் கேட்பது தக்கது. அதற்குச் செலவும் இல்லை.

நிற்கவைத்தே படம் எடுத்தல் இயலாதா என்று சிலர் வினவலாம். இயலும். நிமிர்ந்த நிலையில் படம்பிடிக்கும் காந்தப் பொறிகள் சில நாடுகளில் உள. நெதர்லாந்தின் துவெந்தே பல்கலைக்கழகத்தார், படுக்கையோடு சேர்ந்து எழுந்து நிற்கும் ஒரு பொறியைக் கொண்டு ஒரே பெண்ணைப் படுத்தும் நின்றும் படம்பிடித்து ஒப்பிட்டு வருகின்றனர். நின்ற நிலையில் உறுப்புகள் மேலும் இறங்கியிருப்பதை அப்படங்கள் காட்டுகின்றன. ஆயினும் அப்பொறியின் காந்த விசை 0.25 டெசுலா, மருத்துவமனைகளில் பெருவழக்காய் உள்ள பொறிகளின் விசையோ 1.5 அல்லது 3 டெசுலா. விசை குறையப் படம் மங்கும். உறுப்பின் விளிம்பு தெளிவிழக்கும். படுத்தநிலைப் படத்தில் விளிம்பு கூர்மை, நிலை பொய். நின்றநிலைப் படத்தில் நிலை மெய், விளிம்பு மங்கல். இரண்டனுள் எதனால் வரும் பிழை சிறிது என்பதை ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியே அளந்து காணும் பணி நடந்து வருகின்றது.